கடித்த தடம் எங்கே?

கேரளாவில் இடுக்கி என்று ஒரு மாவட்டம். மலை மாவட்டம். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய ஊர்களைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். கொழுந்து எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

ஜூன் மாதம் மழை பிடிக்கும். மழையோடு சேர்ந்து கடிக்கிற ஜீவன்களும் வந்துவிடும். தேயிலைக் காட்டில் அட்டை. செடியில் கம்பளிப்பூச்சி. வீட்டில் கொசு. பாயில் மூட்டைப்பூச்சி. போதாததற்கு ஓடைக்கரையில் காஞ்சொறிச் செடி வேறு.

கடித்தால் யாருக்கும் அரிக்கும். ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பெண்ணுக்கு அரித்தால் இரண்டு கேள்விகள் எழும். எதைத் தடவலாம்? எந்த மாத்திரையைச் சாப்பிடலாம்? மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைப் பலரும் கேட்பதில்லை. ஆனால் பிள்ளையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு தோட்டத்தில் மூன்றாவது லயம். அங்கே ஒரு குடும்பம். மாமியார், மகன், மருமகள். மாமியார் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார். மருமகளுக்கு இது முதல் பிள்ளை. ஆறாம் மாதம்.

ஒரு நாள் சாயங்காலம் மருமகள் வாசற்படியில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

"இப்படிச் சொறியாதே தாயி. புண்ணாப் போயிரும். இரு, கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துட்டு வாரேன்" என்றார் மாமியார்.

"வேணாம் அத்தை. போன தடவை சுண்ணாம்பு வச்சுத் தோல் வெந்து போச்சு. அவங்க கடையில ஒரு டியூப் வாங்கிட்டு வந்திருக்காங்க. அதைப் போட்டுக்கிறேன்."

"கடைக்காரன் என்ன டாக்டரா? வயித்துப் பிள்ளைக்காரி எதையும் கேட்டுத்தான் போடணும்."

மாமியார் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. சுண்ணாம்பு தோலை வேக வைக்கும். அது கூடாது. கேட்டுத்தான் போட வேண்டும் என்பது சரி.

கேட்பதற்கு ஆளும் அப்போது வந்துவிட்டார். அவர்தான் ஆஷா அக்கா. ஆஷா என்பது அவருடைய பெயர் அல்ல. வீடு வீடாக வந்து தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கிற சுகாதாரப் பணியாளர்களுக்கு அப்படிப் பெயர். நாட்டில் 2005ஆம் ஆண்டில் இந்தத் திட்டம் தொடங்கியது.

ஏன் அரிக்கிறது?

கொசு நம் ரத்தத்தைக் குடிக்கும்போது தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. ரத்தம் உறையாமல் இருந்தால்தான் அதனால் உறிஞ்ச முடியும். அதற்காகத்தான் எச்சில். நம் உடம்பு அந்த எச்சிலை வேண்டாத பொருள் என்று கண்டுகொள்ளும். அதை எதிர்க்கும். அப்போது ஹிஸ்டமின் என்ற பொருள் தோலில் ஊறும். அதனால்தான் தடிக்கிறது, சிவக்கிறது, அரிக்கிறது. மூட்டைப்பூச்சி கடித்தாலும் இதே கதைதான்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். "அதுவும் பிள்ளைத்தாச்சிதான், நீயும் பிள்ளைத்தாச்சிதான்" என்று சொல்லிச் சிரித்தார் ஆஷா அக்கா.

கர்ப்பிணிகளைக் கொசு அதிகமாகத் தேடி வரும். இதை ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில் ஆராய்ந்து பார்த்தார்கள். கர்ப்பிணிகள் படுத்த இடத்துக்கு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொசு வந்தது. 2000ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியானது. கர்ப்பிணியின் உடம்பில் சூடு கொஞ்சம் அதிகம். அவள் விடும் மூச்சும் அதிகம். கொசு தேடுவது இந்தச் சூட்டையும் மூச்சையும்தான்.

இன்னொன்றும் உண்டு. வயிறு பெருக்கப் பெருக்கத் தோல் இழுபடும், வறண்டு போகும். பூச்சி கடிக்காமலே வயிற்றிலும் மார்பிலும் லேசாக அரிக்கும். மலை ஊரில் குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பார்கள். அந்தச் சூடு தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அரிப்பு கூடும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். குளித்தபின் ஈரம் முழுதும் காயும் முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

வீட்டிலேயே செய்யக் கூடியது

ஆஷா அக்கா முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சோப்பும் கேட்டார். கடித்த இடங்களைக் கழுவச் சொன்னார். தேய்க்காமல் மெதுவாகக் கழுவ வேண்டும். பிறகு ஒரு சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். தடிப்பின் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்தார். குளிர்ந்த தண்ணீருக்கு மலையில் பஞ்சமா? பைசா செலவில்லாத மருந்து இது. அரிப்பு வரும்போதெல்லாம் இப்படிச் செய்யலாம். ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். நேராகத் தோலில் வைக்கக் கூடாது.

அதன்பின் காலமைன். இளஞ்சிவப்பு நிறத்தில் பாட்டிலில் இருக்கும் மருந்து. அரசு ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். அடியில் மண்டி படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கிப் பஞ்சில் நனைத்துத் தடவ வேண்டும். காய்ந்ததும் மாவு பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும். கர்ப்பிணிகள் தடவலாம். கண்ணுக்குப் பக்கத்திலும் திறந்த புண்ணிலும் தடவக் கூடாது.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கடியைவிட நகம்தான் அதிகக் கெடுதல் செய்யும். சொறிந்தால் தோல் கிழியும். கிழிந்த இடத்தில் அழுக்கு சேரும், சீழ் பிடிக்கும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், சீழ் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கத்தில் சொறிகிற பழக்கம் இருந்தால் கையில் பருத்திக் காலுறையை மாட்டிக்கொண்டு படுக்கலாம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"கற்பூரத்தை எண்ணெயில காய்ச்சித் தேய்ச்சா அரிப்பு நிக்கும்பாங்களே?" என்று கேட்டார் மாமியார்.

"அம்மா, கர்ப்பமா இருக்கும்போது வேண்டாம். கற்பூரம் தோல் வழியா உடம்புக்குள்ள போகும்" என்றார் ஆஷா அக்கா.

வேப்பெண்ணெய் குடிப்பதும் கர்ப்பிணிக்கு ஆகாது. மண்ணெண்ணெய் தடவுவது யாருக்குமே ஆகாது. புகையிலையும் மூக்குப்பொடியும் அப்படித்தான். அட்டை ஏறாமல் இருக்கச் சிலர் காலில் புகையிலைத் தண்ணீர் தேய்ப்பார்கள். புகையிலையில் உள்ள நஞ்சு தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும். ரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும்.

டியூபில் சிவப்புக் கோடு

மகன் வாங்கி வந்த டியூபை ஆஷா அக்கா கையில் எடுத்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது.

"அம்மா, இதுல உங்களுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இங்கிலீஷ் எனக்கு எங்கே தெரியும்? நம்பர் தெரியுது. மாசம், வருஷம் போட்டிருக்கு. காலாவதி ஆகலை. அப்புறம் ஓரத்துல மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இருக்கு."

அந்தக் கோடுதான் முக்கியம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து என்று அதற்குப் பொருள். மாத்திரை அட்டையிலும் இப்படிச் சிவப்புக் கோடு இருக்கும். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கோட்டைப் பார்க்கக் கண் போதும்.

அந்த டியூபில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருந்தது. நம் நாட்டில் அரிப்புக்கும் படைக்கும் நிறம் வெளுக்கவும் என்று இதைக் கண்டபடி விற்றார்கள். போடும்போது அரிப்பு சட்டென்று நிற்கும். அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். பல நாள் போட்டால் தோல் மெலியும். படை இருந்தால் உள்ளுக்குள் பரவும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. ஆனாலும் சில கடைகளில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு களிம்பு முழுக்க ஆகாது என்று சொல்ல முடியாது. வீரியம் குறைந்ததைச் சிறு இடத்தில் சில நாள் போட டாக்டர் எழுதித் தருவதுண்டு. வீரியம் அதிகமானதை உடம்பில் நிறைய இடத்தில் பல நாள் போட்டால்தான் பயம். பிள்ளையின் எடை குறையலாம். எது வீரியம் குறைந்தது, எது கூடியது என்பது டியூபைப் பார்த்தால் நமக்குத் தெரியாது. அதனால்தான் டாக்டர் சீட்டு.

மாத்திரைக்கும் இதே கணக்குதான். செட்டிரிசின், லொரட்டடின் போன்ற அரிப்பு மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் தருகிறார்கள். ஆனால் கடையில் "அரிப்பு மாத்திரை" என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. வேறு மருந்துகள் கலந்த மாத்திரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையாகவும் இருக்கலாம். முதல் மூன்று மாதம் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளையின் இதயம், மூளை, கை, கால் எல்லாம் உருவாகிற காலம் அது.

கடையில் ஒரு வார்த்தை சொல்லத் தயங்கக் கூடாது: "நான் முழுகாமல் இருக்கிறேன்." மருந்து வாங்கப் போவது கணவன் என்றால் அவன் அதைச் சொல்ல வேண்டும். பல ஆண்கள் இதைக் கடையில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படுகிற இடம் இது இல்லை.

அட்டை, கம்பளிப்பூச்சி, தேனீ

அட்டை பூச்சியே அல்ல. அது மண்புழுவுக்குச் சொந்தம். கடிக்கும்போது வலிக்காது. அதன் எச்சிலும் ரத்தத்தை உறைய விடாது. அதனால் அட்டை விழுந்தபின்னும் நெடுநேரம் ரத்தம் கசியும். பயப்பட வேண்டாம். ஒட்டியிருக்கும் அட்டையைத் தீ வைத்தோ உப்பு வைத்தோ எடுப்பது வழக்கம். அப்படிச் செய்தால் அது தன் வயிற்றில் இருப்பதைக் காயத்தில் கக்கிவிடலாம். விரல் நகத்தை அட்டையின் வாய்க்குக் கீழே தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்த இடம் அரிக்கும். குளிர்ந்த துணியும் காலமைனும் போதும். காட்டுக்குப் போகும்போது நெருக்கமாக நெய்த துணிக் காலுறையை முழங்கால் வரை போட்டுக்கொண்டால் அட்டை ஏறுவது குறையும்.

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கவே கூடாது. அதன் முடிகள் தோலில் குத்தி நிற்கும். தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டுகிற டேப் இருந்தால் மேலே ஒட்டிப் பிய்த்து எடுக்கலாம். முடி அதனோடு வந்துவிடும். பிறகு கழுவ வேண்டும். போட்டிருந்த துணியையும் துவைக்க வேண்டும்.

செடிக்கு மருந்து அடித்த காட்டிலும் அரிப்பு வரும். அது பூச்சி கடித்தது அல்ல, பூச்சி மருந்து பட்டது. கர்ப்பிணிகள் மருந்து அடிக்கிற இடத்துக்கும் அப்போதுதான் அடித்து முடித்த இடத்துக்கும் போகவே கூடாது. கங்காணியிடம் வேறு இடம் கேட்டு வாங்க வேண்டும். பட்டுவிட்டால் உடனே துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நகத்தால் சுரண்டி எடுக்கலாம். பெரும்பாலும் வீங்கி வலித்துக் குறைந்துவிடும். ஆனால் சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. உதடும் நாக்கும் வீங்கும். மூச்சு இழுக்கும். உடம்பெல்லாம் தடிக்கும். தலை சுற்றும். இது உயிர் போகிற ஆபத்து. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். தலை சுற்றினால் கர்ப்பிணியை இடது பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போடுவார்கள். கர்ப்பிணி ஆயிற்றே, ஊசி போடலாமா என்று கையைப் பிடித்துத் தடுக்கக் கூடாது. தாயைக் காப்பாற்றினால்தான் பிள்ளை.

இரவில் மட்டும் அரிக்கிறது, விரல் இடுக்கில் அரிக்கிறது, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறது என்றால் அது சொறியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் துளை போட்டு வாழும். கர்ப்பிணிக்கும் ஏற்ற மருந்து உண்டு. டாக்டர் தருவார். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். அரிப்பு இல்லாதவர்களும் போட வேண்டும். ஒருவர் விட்டாலும் அவரிடமிருந்து மறுபடி வரும். லயத்தில் நெருங்கி வாழ்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடியோடு காய்ச்சல் வந்தால்

அரிப்பு மட்டும் என்றால் பொறுக்கலாம். காய்ச்சல் வந்தால் பொறுக்கக் கூடாது. மலேரியாவும் டெங்குவும் கர்ப்பிணியை மற்றவர்களைவிட அதிகம் வாட்டும். 2021 ஜூலையில் கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஜிகா காய்ச்சல் பரவியது. முதலில் தெரிய வந்தது ஒரு கர்ப்பிணிக்குத்தான். ஜிகா பெரியவர்களுக்கு லேசாக வந்து போகும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போனால் தலையும் மூளையும் வளராமல் போகலாம். டெங்குவையும் ஜிகாவையும் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். ஆகவே பகலில் படுத்தாலும் கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும்.

புல்லிலும் புதரிலும் மிகச் சிறிய ஒரு பூச்சி இருக்கிறது. அது கடிப்பது தெரியாது. சில நாள் கழித்துக் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வரும். கடித்த இடத்தில் பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் இருக்கும். இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். பொருக்கைப் பார்த்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்து இதற்கும் இருக்கிறது. தாமதித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

காய்ச்சல் என்றதும் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆகச் சுமார் ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு முறை டிரம், தொட்டி, பழைய டயர், சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அது பறக்கவே பறக்காது. கொசுவர்த்திச் சுருளை மூடிய அறைக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு படுப்பது கர்ப்பிணிக்கு நல்லதல்ல. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. வலை நல்லது.

மூன்றாவது கேள்வி

மழை குறைந்தது. செப்டம்பர் மாதம். மருமகளுக்கு எட்டாம் மாதம் பிறந்தது. கால் தடிப்பெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் புதிதாக ஓர் அரிப்பு. ராத்திரி படுத்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

"கொசுதான் கடிச்சிருக்கும்" என்றான் கணவன்.

"எங்க காலத்துலயும் அரிக்கும். பிள்ளைக்கு முடி வளருதுன்னு சொல்லுவாங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

காலமைன் தடவினாள். குளிர்ந்த துணி வைத்தாள். அடங்கவில்லை. நான்காம் நாள் ஆஷா அக்கா வந்தபோது மாமியார்தான் சொன்னார். ஆஷா அக்கா மருமகளின் கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பாதத்தையும் பார்த்தார்.

"கடிச்ச தடம் எங்கே?" என்று கேட்டார்.

தடம் இல்லை. தடிப்பு இல்லை. சொறிந்த கீறல் மட்டுமே இருந்தது.

இதுதான் பலரும் கேட்காத கேள்வி. பூச்சி கடித்தால் தடம் இருக்கும். கர்ப்பத்தில் வரும் வேறு சில அரிப்புகளுக்கும் தடிப்பு இருக்கும். முதல் பிள்ளைக்காரிகள் சிலருக்குக் கடைசி மாதங்களில் வயிற்று வரிகளின் மேல் சிவப்புப் பொரிப்பொரியாக வரும். கடுமையாக அரிக்கும். ஆனால் பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. பிரசவத்துக்குப் பின் போய்விடும். தடமே இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அதுவும் இரவில் அதிகமாக அரித்தால் அது தோலின் நோயாக இருக்காது. கல்லீரலிலிருந்து வரும் அரிப்பாக இருக்கலாம்.

கல்லீரல் பித்த நீரைச் சுரக்கிறது. அது குடலுக்குப் போய்க் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பித்த நீர் சரியாக ஓடாது. அதில் உள்ள பித்த அமிலம் ரத்தத்தில் சேரும். அதனால் அரிக்கும். சிலருக்குச் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும். மலம் வெளுத்துப் போகும். சிலருக்குக் கண் மஞ்சளாகும். பலருக்கு அரிப்பைத் தவிர வேறு எதுவுமே இருக்காது. தாய்க்கு அரிப்புதான் தொல்லை. பிள்ளைக்குத்தான் ஆபத்து. குறைமாதத்தில் பிறக்கலாம். பித்த அமிலம் மிக அதிகமானால் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போகவும் கூடும்.

இதற்குக் களிம்பு கிடையாது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

"நாளைக்கே போகணும்" என்றார் ஆஷா அக்கா. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்ப்பார். 2016ஆம் ஆண்டிலிருந்து இது நடக்கிறது. ஆனால் அன்று தேதி 12. அடுத்த 9 வரைக்கும் இந்த அரிப்போடு காத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும். டாக்டர் கேட்கும்போது பாதி மறந்துபோகும். அதனால் மாமியார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுத்து கோணல்மாணல்தான். ஆனால் வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

"எட்டாம் மாதம். முதல் பிள்ளை. ஐந்து நாளாக அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால். ராத்திரி அதிகம். கடித்த தடம் இல்லை. காய்ச்சல் இல்லை. மூத்திரம் மஞ்சளாகப் போகிறது. பிள்ளை அசைகிறது. காலமைன் தடவினோம், கேட்கவில்லை. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. இவள் அக்காவுக்கும் எட்டாம் மாதம் இப்படி அரித்ததாம்."

தாய் சேய் அட்டைக்குள் அந்தத் தாளை வைத்து அனுப்பினார். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். கடைசி வரியைத் தொட்டுக் காட்டி, "இதை யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றார். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக் கூடியது. ரத்தம் எடுத்தார்கள். பித்த அமிலம் அதிகமாகத்தான் இருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினார். குறிப்பிட்ட நாளில் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். பிள்ளையின் அசைவை ஒவ்வொரு நாளும் கவனிக்கச் சொன்னார். அசைவு குறைந்தால் ராத்திரியானாலும் வரச் சொன்னார். பித்த அமிலத்தின் அளவைப் பார்த்து, 40 வாரம் வரை காத்திருக்காமல் 37ஆம் வாரத்தில் பிரசவம் பார்க்க முடிவு செய்தார். எல்லோருக்கும் ஒரே வாரம் அல்ல. அளவு மிக அதிகமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே பார்ப்பார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக அழுதது. மருமகளின் அரிப்பு ஒரு வாரத்தில் நின்றது. இது பிரசவத்தோடு போகிற நோய். ஆனால் அடுத்த பிள்ளையின்போது மறுபடி வரக் கூடும். அப்போது முதல் மாதப் பரிசோதனையிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிறந்த பெண்ணும் வளர்ந்து தாயாகும்போது அவளுடைய டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.